நான்கு முகமுள்ள ராக்கெட்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பெருமுக்கல் மலை கண்ணில் பட ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதில் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு படித்துக்கொண்டிருந்த அலெக்ஸ், அதுவரை நான்கு ராக்கெட் விட்டிருந்தான். நான்கும் மேலே போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை.

வரவில்லை என்று சொன்னால் புவியீர்ப்பு விசை கோபித்துக்கொள்ளும். வந்தன. அலெக்ஸிடம் வரவில்லை, அவ்வளவுதான். கல்லூரிக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் ஏரிக்குள் நின்றுகொண்டு மேலே விடுவான். ராக்கெட் நேராக ஏறும். உச்சியில் மூக்கு கழன்று, உள்ளே மடித்து வைத்த குடைத்துணி பாராசூட்டாக விரியும். அதுவரை எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடக்கும். அப்புறம் கடல் பக்கமிருந்து காற்று வந்து பாராசூட்டைக் கையைப் பிடித்து மேற்கே கூட்டிக்கொண்டு போய்விடும். மேற்கே சீமைக் கருவேலங்காடு. அதற்குள் ஆடு போகும், ஆள் போக முடியாது. முதல் ராக்கெட் உள்ளே எங்கோ இருக்கிறது. இரண்டாவது ஒரு மரத்தின் உச்சியில் தொங்குகிறது. கல்லூரி மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். பார்க்காமல் இருக்க அலெக்ஸ் பழகிக்கொண்டான். மூன்றாவதை ஆடு ஓட்டிக்கொண்டு போன வீரம்மாள் கண்டெடுத்து, குடைத்துணியை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். "குட்டிக்குப் போத்தி வுட்டேன்பா, நல்லா தூங்குது" என்று, தேடிப் போனவனிடம் மனதாரச் சொன்னார். நான்காவதைப் பற்றித் தகவல் இல்லை.

ராக்கெட் என்றதும் தீபாவளியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வேறு ஜாதி. துணிக்கடையில் சட்டைத்துணி சுற்றி வரும் அட்டைக்குழாய்தான் உடம்பு. நுனியில் கல்லூரி லேபில் பிளாஸ்டிக்கில் அச்சிட்ட கூம்பு. அடியில் மூன்று இறக்கை. நேராகப் போவதும் கோணலாகப் போவதும் இந்த இறக்கைகளின் கையில் இருக்கிறது. உள்ளே பெங்களூரிலிருந்து வரவழைத்த, கட்டைவிரல் தடிமனில் ஒரு மோட்டார். மோட்டார் என்றால் சுற்றுவது அல்ல, எரிவது. ஒரு மோட்டார் ஒரு தடவைதான் எரியும்.

இதெல்லாம் போகக் கூம்புக்குள் தீப்பெட்டி அளவில் ஓர் உயரமானி. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் கலைப்பிரியா செய்தது. எவ்வளவு உயரம் போனோம் என்பதை அது தரைக்கு வந்ததும் கத்திச் சொல்லும். நூற்றிருபத்து மூன்று மீட்டர் என்றால் முதலில் ஒரு கீ. கொஞ்சம் மூச்சு வாங்கி இரண்டு கீ. இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கி மூன்று கீ. பிறகு மறுபடி முதலிலிருந்து. பேட்டரி இருக்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"மறக்காம இருக்க ஒண்ணு சேத்து வைக்கக் கூடாதா?" என்று அலெக்ஸ் ஒருமுறை கேட்டான்.

"வெயிட்ட கொற வெயிட்ட கொறன்னு உயிர எடுத்தது யாரு? மூளைய கொறச்சிட்டேன்" என்றாள் கலைப்பிரியா.

அந்த வருடம் கோயம்புத்தூரில் மாணவர்களுக்கான ராக்கெட் போட்டி. அதற்கு ஒரு விதி இருந்தது. போட்டிக்குக் கொண்டுவரும் ராக்கெட் ஏற்கெனவே ஒருமுறை நூறு மீட்டருக்கு மேல் பறந்து, உடையாமல் திரும்பி வந்ததாக இருக்க வேண்டும். உயரத்தையும் சொல்ல வேண்டும், ராக்கெட்டையும் முழுசாகக் காட்ட வேண்டும். அலெக்ஸிடம் மிஞ்சியிருந்தவை இரண்டே மோட்டார். ஒன்று கோயம்புத்தூரில் எரிய வேண்டியது. அப்படியானால் இங்கே எரிய ஒன்று. ஒரே ஒரு தடவை ஒரு ராக்கெட் திரும்பி வந்தால் போதும். ஒரே ஒரு தடவைதான் முயற்சி செய்யவும் முடியும்.

வழியும் தெரிந்திருந்தது. விடிந்ததும் கடற்காற்று இருக்காது. காலை ஏழு மணிக்கு விட்டால் போன இடத்துக்கு நேர் கீழேயே இறங்கும். இந்த ஞானம் நான்கு ராக்கெட்டுக்குப் பிறகு வந்தது. அதற்குள் ஊரில் வேறொரு ஞானம் வந்துவிட்டது: காலேஜ் பையன் வாணம் விட்டு மேகத்தைக் கலைக்கிறான், அதனால்தான் ஏரியில் தண்ணீர் இல்லை. ஏரியில் தண்ணீர் இல்லாததால்தான் அங்கே ராக்கெட் விட முடிகிறது என்று அலெக்ஸ் எடுத்துச் சொல்லிப் பார்த்தான். "பாத்தியா, அவனே ஒத்துக்கிறான்" என்றார்கள்.

இனி ஏரிக்குள் கால் வைக்க வேண்டுமானால் கல்லூரித் தாளாளர் தாண்டவராயன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேர் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார்கள், மீதிப் பேர் கேன்டீனில் இருக்கிறார்கள். அவர் வார்த்தை ஏரிக்கரைவரை செல்லும். அலெக்ஸ் போய் நின்றான்.

"நம்ம காலேஜ் ராக்கெட்டா?"

"ஆமாங்கய்யா."

"மேல போவுமா?"

"போவுங்கய்யா."

"கீழேர்ந்து பாக்கறவனுக்குத் தெரியுமா?"

"நல்லா தெரியுங்கய்யா."

"அப்ப விழாவா பண்ணிடு" என்று தாளாளர் அவனை அன்புச்செல்வனிடம் அனுப்பினார்.

அன்புச்செல்வன் கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர். மாணவர்களுக்கு அன்பு சார். திண்டிவனம் மேம்பாலத்திலிருந்து விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்புவரை கல்லூரியின் ஃப்ளெக்ஸ் எங்கே தொங்கினாலும் அது அவர் கைவண்ணம். ஒரு செவ்வகத்துக்குள் எத்தனை முகத்தை அடைக்கலாம் என்பதில் அவருக்கு இருந்த தேர்ச்சி, அந்தக் கல்லூரியில் வேறு யாருக்கும் வேறு எதிலும் இருந்ததில்லை.

"ராக்கெட்ல போட்டோ எங்க வரும்?" அவருடைய முதல் கேள்வி.

"போட்டோலாம் வராது சார்."

"போட்டோ இல்லன்னா யாரு விட்டதுன்னு எப்டிபா தெரியும்?"

"நாங்கதான சார் விடறோம்."

அன்பு சார் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு ராக்கெட்டை மேசைமேல் வைத்து, தாளாளரின் படத்தை உடம்பில் சுற்றிப் பார்த்தார். ஒரு காது முன்னாலும் ஒரு காது பின்னாலும் போனது. மூக்கு மட்டும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிந்தது. சரிப்படவில்லை. அவர் கண் இறக்கைமேல் விழுந்தது.

"இது தட்டையாத்தான கீது?"

"சார், அது இறக்கை சார். அதுல கை வைக்கக் கூடாது."

"கை யாரு வைக்கறா? தலை வைக்கப் போறேன். எத்தினி கீது, மூணா? நாலாக்கிடு."

நால்வர் யாரென்றால்: சிறப்பு விருந்தினர் தேவநாதன், திண்டிவனம் சுற்றுவட்டாரத்தில் வீட்டுமனை போட்டு விற்பவர்; தாளாளர்; தாளாளரின் காலஞ்சென்ற தந்தையாகிய நிறுவனர்; கல்லூரி முதல்வர். முதல்வர் தன் படம் வேண்டாம் என்றார். உறுதியாக வேண்டாம் என்றார். சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து நான்கு விதமான படங்களை எடுத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்.

அப்புறம் அளவு. அலெக்ஸின் இறக்கை உள்ளங்கை அகலம். பந்தலில் உட்கார்ந்து பார்த்தால் முகம் தெரியாது என்பதால் அது சாப்பாட்டுத் தட்டு அளவானது. நிறுவனர் இறந்தவர், அவருக்கு மாலையும் சேர்த்துப் போட வேண்டும் என்பதால் அவருடையது முறம் அளவானது. ஒரு இறக்கை மட்டும் பெரிதாக இருந்தால் ராக்கெட் பம்பரமாகச் சுற்றும், நான்கும் ஒரே அளவாக இருந்தே தீர வேண்டும் என்று அலெக்ஸ் முதல்முறையாகக் குரலை உயர்த்திச் சொன்னான். அன்பு சார் அந்த விஞ்ஞானத்தை உடனே ஏற்றுக்கொண்டார். நான்கும் முறம் அளவாயின.

"சார், இறக்கை இவ்ளோ பெருசா இருந்தா காத்து வந்து வால தள்ளும். வால தள்னா மூக்கு காத்து வர்ற பக்கம் திரும்பும். ராக்கெட் மேல போவாம காத்த எதுத்துக்கினு போவும்."

"பெரிய மனுஷங்கள வச்சா எதுவும் நேரா போவாதுன்றியா?"

"இறக்கைய சொல்றேன் சார்."

"காத்து எப்ப வரும்?"

"மத்தியானத்துக்கு மேல சார். காலைல இருக்காது."

"அப்ப பேஜாரே இல்லையே! காலைல ஏழு மணிக்கு விழா. அழைப்பிதழ்ல போட்டாச்சி."

"சீஃப் கெஸ்ட் ஏழு மணிக்கு வந்துடுவாரா சார்?"

அன்பு சார் பசை டப்பாவின் மூடியைத் திருகி மூடினார்.

இறக்கைகள் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து மெல்லிய நுரைப்பலகையில் அச்சாகி வந்தன. எடை குறைவு என்பது ஒன்றுதான் ஆறுதல். ஒட்டி முடித்து நிறுத்தியபோது, எந்தத் திசையிலிருந்து போனாலும் யாராவது ஒருவர் வணக்கம் சொன்னார்.

"பிரம்மாடா" என்றாள் கலைப்பிரியா.

"பறக்குமா?"

"பிரம்மா பறந்து போயி தலைய பாக்க முடியாம திரும்பி வந்தவரு. நமக்கு திரும்பி வந்தா போதும்."

விழா நாளன்று காலை ஆறரைக்கு அலெக்ஸ் ஏரிக்குள் கம்பியை நட்டு ராக்கெட்டை மாட்டிவிட்டான். பக்கத்தில் ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தான், காற்றைப் பார்க்க. ரிப்பன் செத்த பாம்பு மாதிரித் தொங்கியது. அவ்வளவு அழகான காலையை அவன் அதுவரை பார்த்ததில்லை. பந்தலை ஏரியின் கிழக்குப் பக்கம் போட்டிருந்தார்கள். விருந்தினர் கண்ணில் காலை வெயில் அடிக்கக் கூடாது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று அன்பு சார் யோசித்துச் செய்த ஏற்பாடு.

ஏழு மணிக்கு மாணவர்கள் உட்கார வைக்கப்பட்டார்கள். எட்டு மணிக்குத் தாளாளர் வந்தார். சிறப்பு விருந்தினர் வானூரில் ஒரு வளைகாப்பில் தலையைக் காட்டிவிட்டு, விழுப்புரத்தில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைத்துவிட்டு வருவதாகச் செய்தி. அன்பு சார் போனைக் காதிலிருந்து எடுத்து, "விழுப்புரத்துலேர்ந்து கெளம்பிட்டாரு. கூட்டேரிப்பட்டு தாண்டிட்டாராம்" என்று அறிவித்தார். அப்போது மணி ஒன்பது. பத்து மணிக்கும் கூட்டேரிப்பட்டைத் தாண்டினார். பதினொன்றரைக்கு மறுபடி தாண்டினார். கூட்டேரிப்பட்டு அவ்வளவு நீளமான ஊர் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

ரிப்பன் பத்து மணிக்கு லேசாகத் தலையை ஆட்டியது. பன்னிரண்டுக்கு எழுந்து உட்கார்ந்தது. ஒரு மணிக்குக் கடற்காற்று முழுசாக வந்து சேர, ரிப்பன் மேற்கே கை நீட்டி, கருவேலங்காட்டைச் சுட்டிக்காட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

"இன்னிக்கு வேணாம், நாளைக்கு விடலாம்னு சொல்லிப் பாரேன்" என்றாள் கலைப்பிரியா.

"நாளைக்குப் பந்தல் இருக்காது, தாளாளரு இருக்க மாட்டாரு. ஊரு மட்டும் இருக்கும்."

"அப்ப இன்னா பண்ண?"

"வுட வேண்டியதுதான். அஞ்சாவதும் போச்சின்னு வச்சிக்க." சாதாரணமாகச் சொல்ல நினைத்தான். கலைப்பிரியா அதைக் கேட்காத மாதிரிக் குனிந்து உயரமானியின் பேட்டரியைச் சரிபார்த்தாள்.

இரண்டு மணிக்கு ஒரு பெரிய வெள்ளைக் கார் புழுதியோடு வந்து நின்றது. ஓட்டுநர் மண்ணாங்கட்டி இறங்கி ஓடிவந்து கதவைத் திறக்க, தேவநாதன் இறங்கினார். இறக்கையில் இருந்ததைவிட வயது பத்து கூடுதலாக இருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசினார். "நெலாவுல மனை போடற காலம் வந்தே தீரும். அன்னிக்கும் நம்ம கம்பெனி அப்ரூவ்டு மனைதான் போடும்" என்றார். பசியில் இருந்த மாணவர்கள் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினார்கள். அதை ஊக்கமாக எடுத்துக்கொண்டு அவர் தொடர்ந்தார்.

ஒருவழியாக ராக்கெட்டைக் கிளப்பும் பொத்தான் அவர் கைக்கு வந்தது. அன்பு சார் மைக்கைப் பிடித்தார்.

"பத்து... ஒன்பது... எட்டு... ஏழு... இந்த நேரத்தில் நம்மிடையே வருகை தந்திருக்கும் ஏரி நீர்ப்பாசனச் சங்கத் தலைவர் அவர்களை வருக வருக என... ஆறு... ஐந்து..."

தண்ணீர் இல்லாத ஏரியின் சங்கத் தலைவர் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார். தேவநாதனுக்குப் பொறுமை போய்விட்டது. நான்கிலேயே அழுத்திவிட்டார்.

ராக்கெட் கம்பியை விட்டு எழுந்தது. எழுந்த மாத்திரத்தில் அலெக்ஸ் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தது. காற்று நால்வரின் கன்னத்திலும் அறைந்தது. வால் மேற்கே தள்ளப்பட்டது. மூக்கு கிழக்கே திரும்பியது. சரிந்த வாக்கில், சீறிக்கொண்டு, பந்தலுக்கு மேலாகச் சாய்ந்து ஏறிப் போனது. பந்தலில் இருந்த மொத்தக் கூட்டமும் தலையைப் பின்னுக்கு வளைத்துப் பார்த்தது. தாளாளரின் தலைக்கு மேல் தாளாளரே போனார்.

"பாத்தியா, நம்ம பக்கம் திரும்பி வணக்கம் வச்சிட்டுப் போவுது!" என்று அவர் எழுந்து நின்றார். மேடையே எழுந்து நின்றது.

அலெக்ஸ் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கிழக்கே தூரத்தில் 'பட்' என்று ஒரு சத்தம். கலைப்பிரியா அவன் முழங்கையைக் கிள்ளினாள்.

"தொறந்துடுச்சிடா."

குடைத்துணி கிழக்கே, ஏரியைத் தாண்டிய மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை வயலுக்கு, மேலே விரிந்திருந்தது. விரிந்ததும் கடற்காற்று வழக்கம்போல அதன் கையைப் பிடித்து மேற்கே கூட்டிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் அலெக்ஸுக்கு உறைத்தது. மேற்கே என்றால் திரும்பி வருகிறது. நேராக ஏறியிருந்தால் காற்று காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டிருக்கும். காற்றை எதிர்த்து இவ்வளவு தூரம் போனதால், காற்று அதைக் கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடப்போகிறது. அன்பு சாரின் நான்கு முறங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. இந்த உண்மையைச் சாகும்வரை வெளியே சொல்லக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான்.

ராக்கெட் ஆடி அசைந்து இறங்கி, பந்தல் துணிமேல் விழுந்து, சறுக்கி, மேடைக்கு முன்னால் நின்றிருந்த மண்ணாங்கட்டியின் கையில் வந்து சேர்ந்தது. கீறல் இல்லை. நிறுவனரின் மாலைகூடக் கசங்கவில்லை. அலெக்ஸ் ஓடினான். ஐந்து ராக்கெட்டில் முதல்முறையாக, பறந்து வந்த ஒன்றைத் தொடப் போகிறான்.

மண்ணாங்கட்டி அதைத் தன் முதலாளியிடம் கொடுத்தார். விருந்தினருக்கு நினைவுப் பரிசு வாங்க மறந்துபோய்க் காலையிலிருந்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த அன்பு சாருக்கு அந்தக் கணத்தில் வானமே கைகொடுத்தது.

"நமது சிறப்பு விருந்தினருக்கு, விண்ணிலிருந்தே நினைவுப் பரிசு!"

ஒலிபெருக்கியில் இசை வெடித்தது. கைதட்டல், விசில். அந்த இரைச்சலில் கூம்புக்குள் உயரமானி கத்திக்கொண்டிருந்தது; யாருக்கும் கேட்கவில்லை, அலெக்ஸுக்கும் கேட்கவில்லை.

"சார், அது போட்டிக்கு..."

"குனிபா, போட்டோ எடுக்கறாங்க. மறைக்காத."

"சார், அது வேணும் சார், கோயம்புத்தூருக்கு..."

"வேற ஒண்ணு செஞ்சிக்கோ. அட்டைதான? ஐயா ஷோகேஸ்ல வைக்கறேன்னு சொல்லிட்டாரு. நம்ம காலேஜுக்கு எவ்ளோ பெரும தெரியுமா?"

தேவநாதன் ராக்கெட்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு காரில் ஏறினார். கதவு சாத்தப்பட்டது. அலெக்ஸ் புழுதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். முதல் நான்கைக் காற்று கொண்டுபோனது. அதில் ஒரு நியாயம் இருந்தது.

பக்கத்தில் ஸ்கூட்டி வந்து நின்றது.

"ஏறு" என்றாள் கலைப்பிரியா.

"போயி இன்னான்னு கேக்கறது?"

"ராக்கெட்ட அப்பறம் கேப்போம். மொதல்ல நம்பர். பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது. ஜல்தி ஏறுடா."

வழியெல்லாம் அலெக்ஸ் மனதுக்குள் வசனம் தயார் செய்தான். ஐயா, தயவுசெய்து என்று ஒன்று. சார், விதிமுறைப்படி என்று ஒன்று. கண்ணாடியை மட்டும் இறக்குங்க, காதை வச்சிக் கேட்டுட்டுப் போயிடறேன் என்று ஒன்று. எதுவும் தேவைப்படவில்லை. திண்டிவனம் போகும் வழியில், கொல்லைகளுக்கு நடுவே, சாலையோரமாக அந்த வெள்ளைக் கார் நான்கு கதவும் திறந்தபடி நின்றது. உள்ளே ஆளில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மண்ணாங்கட்டி வெகுதூரம் தள்ளி ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார்.

"தம்பி! கிட்ட போவாத! கத்துது அது!"

"எப்டிண்ணா கத்துது?"

"கீ கீன்னுது. நிறுத்துது. மறுபடியும் கத்துது. உள்ளார ஒக்காந்து எவனோ எண்ணிக்கினு இருக்கறாப்பல கீது."

ஏரியில் ஒலிபெருக்கிச் சத்தத்தில் கேட்காதது, கண்ணாடி ஏற்றிய ஏசி காருக்குள் நன்றாகவே கேட்டிருக்கிறது.

"எத்தினி வாட்டி கத்துச்சிண்ணா?" என்றான் அலெக்ஸ் ஆவலோடு.

"அத எண்ணிக்கினு நான் ஒக்காந்திருப்பனா? எனக்கு ரெண்டு பொண்ணு கீதுப்பா!"

"ஐயா எங்க?"

மண்ணாங்கட்டி கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே 'தேவநாதன் நகர், இரண்டாம் கட்டம்' என்று ஒரு பெரிய விளம்பரப் பலகை. முன்பக்கம் தேவநாதன் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடை இன்னும் தோளில் இருந்தது.

"ஏம்பா, நீ காலேஜ் பையன்தான?" பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இன்னாதுபா அது? வெடிக்குமா?"

அலெக்ஸ் வாயைத் திறந்தான். எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது ஒரு சின்ன பேட்டரியும் தீப்பெட்டி அளவு பலகையும்தான். வெடிக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, காரில் ஏறி, ராக்கெட்டைக் கொண்டுபோய் வீட்டு ஷோகேஸில் வைத்துவிடுவார். அலெக்ஸ் பொய் சொல்லும் பையன் இல்லை. மெதுவாக வாயை மூடினான். பிறகு திறந்து, "கொஞ்சம் தள்ளியே இருங்க சார்" என்றான். அதில் பொய் எதுவும் இல்லை.

இருவரும் காருக்குள் ஏறினார்கள். காற்றுச் சத்தத்தில் எண்ணிக்கை தவறக் கூடாதென்று கலைப்பிரியா நான்கு கதவையும் சாத்தினாள். வெளியே மண்ணாங்கட்டி "ஐயோ, கதவ சாத்திக்குதுங்களே!" என்று அலறியது லேசாகக் கேட்டது. பின்சீட்டில் ராக்கெட் படுத்திருந்தது. அலெக்ஸ் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

கீ.

கீ, கீ, கீ, கீ.

பிறகு வரிசையாகச் சில.

"நூத்தி நாப்பத்தாறு" என்றான் அலெக்ஸ்.

"ஏழுடா."

"ஆறு. நல்லா கேட்டேன்."

"நான் செஞ்சத நீ எனக்கு சொல்றியா? ஷ்ஷ், மறுபடி வருது."

மறுபடி வந்தது. இரண்டு பேரும் விரலை மடக்கி எண்ணினார்கள். ஆறு. கலைப்பிரியா ஒத்துக்கொள்ள மனமில்லாமல் மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தாள். ஒரு கீ வந்தது. நான்கில் இரண்டு வந்தது. அதோடு குரல் மெலிந்து, முனகி, நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்தது. உயரமானி எல்லாவற்றையும் மறந்தது.

நூற்று நாற்பத்தாறு. ராக்கெட் மடியில், முழுசாக. அலெக்ஸ் இறக்கையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். அது முதல்வரின் காது.

கதவைத் திறந்து இறங்கியதும் மண்ணாங்கட்டி மரத்தைவிட்டு ஓரடி முன்னால் வந்தார். "கத்தறது நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சிண்ணா" என்றாள் கலைப்பிரியா, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல். "அதான் பயமா கீது."

மண்ணாங்கட்டி ஓரடி பின்னால் போனார். பலகைக்குப் பின்னால் தெரிந்த பொன்னாடையின் ஓரமும் உள்ளே இழுத்துக்கொண்டது.

"எடுத்துக்கினு போயிடுப்பா!"

"சார், உங்க நினைவுப் பரிசு..."

"நான் நினைவுல வச்சிக்கறேன். நீ கெளம்பு."

அலெக்ஸ் ராக்கெட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி, அடி மேல் அடி வைத்து ஸ்கூட்டியை நோக்கி நடந்தான். உடையக் கூடாது என்ற கவனம்தான். பார்ப்பவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டால் அவன் பொறுப்பில்லை. ஸ்கூட்டியில் ஏறப்போகும் நேரத்தில் குரல் மறுபடி வந்தது.

"ஏம்பா தம்பி! என் படம் இருக்குது பாரு, அந்த ஒரு இறக்கைய மட்டும் கழட்டிக் குடுத்துட்டுப் போயேன். ஷோகேஸுக்கு."

அலெக்ஸ் ஏறத் தூக்கிய காலைக் கீழே வைத்தான். ஓர் இறக்கை போனால் கோயம்புத்தூரும் போயிற்று. முழுசாகத் திரும்பி வந்த ராக்கெட், வந்த பிறகு உடைந்த ராக்கெட் ஆகிவிடும். கலைப்பிரியா வண்டியைக் கிளப்பாமல் அவனையே பார்த்தாள்.

"கழட்டலாம் சார்" என்றான் அலெக்ஸ் பணிவாக. "ஒராள் இத கெட்டியா புடிச்சிக்கணும். நீங்க இங்க வந்து புடிச்சிக்கினீங்கன்னா ஒரே இழுப்புல கழட்டிடுவேன்."

பலகைக்குப் பின்னாலிருந்து பாதி முகம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. சாலையில் ஒரு டவுன் பஸ் போனது.

"அத எங்க எடுத்துக்கினு போவப் போற?"

"கோயம்புத்தூருக்கு சார். பெரிய கூட்டம் வரும்."

"என் மூஞ்சி தெரியுமா?"

"பந்தல்லேர்ந்தே தெரியும் சார்."

"அப்ப இருக்கட்டும். அங்க நாலு பேரு பாக்கட்டும். சீக்கிரம் போங்க."

கலைப்பிரியா வண்டியைத் திருப்பினாள். அலெக்ஸ் பின்னால் உட்கார்ந்து ராக்கெட்டை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான். பெருமுக்கல் பக்கமிருந்து காற்று முகத்தில் அடித்தது, நுரைப்பலகை படபடத்தது, அவன் இன்னும் இறுக்கிக்கொண்டான். கல்லூரிக்கு முன்னால் உள்ள டீக்கடையில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நெருங்கி வரும் முகங்களைப் பார்த்து, நால்வரில் யாருக்கென்று தெரியவில்லை, டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டார்.